கிரெனடாவில் ஒரே கட்சி எல்லா இடங்களையும் வெல்வது ஏன்?

கரீபியக் கடலில் உள்ள சிறு தீவு நாடான கிரெனடாவில் 1999, 2013, 2018 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களில் ஒரே கட்சி 15 இடங்களையும் வென்றது. எதிர்க்கட்சியே இல்லாத ஒரு நாடாளுமன்றத்தை மக்களாட்சி என்று ஏற்க முடியுமா, இப்படி அள்ளிக் கொடுக்கும் அதே மக்கள் அரசமைப்பைத் திருத்தும் பொதுவாக்கெடுப்புகளை மட்டும் ஏன் தோற்கடித்தார்கள், 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவு இன்றைய அரசியலில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பவை இங்கே கேட்கப்பட்ட கேள்விகள். இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் எனக்குத் தெரிந்தவரை மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அந்த நாட்டில் அதிகாரம் மக்களுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த நெருக்கம் தந்த நன்மைகளையும் அது இழைத்த கொடுமைகளையும் ஒரே தலைமுறை பார்த்திருக்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். கிரெனடாவின் மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். அதற்குள் கேரியக்கூ, பெட்டீட் மார்ட்டினிக் என்ற இரு சிறு தீவுகளும் அடங்கும். மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். கீழவைக்கு 15 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் வாக்காளர்கள். தன் தொகுதி உறுப்பினரை நேரில் சந்திக்காத வாக்காளர் அங்கே அரிது. அமைச்சரோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர், அவர் தாயாரை அறிந்தவர், அவர் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர் என்று எல்லோருக்கும் ஏதாவது ஓர் உறவு இருக்கும். பெரிய நாட்டில் வாழ்பவர்களுக்கு இது பொறாமைப்படத்தக்க நிலையாகத் தோன்றும். ஆனால், யார் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பதை ஊரே ஊகித்துவிடும் இடத்தில், சாலையோரப் புதர் வெட்டும் வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பதுகூட அரசியலாகிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் அரசு கொடுக்கும் அந்தச் சில நாள் வேலையைத்தான் பல ஏழைக் குடும்பங்கள் பண்டிகைச் செலவுக்கு நம்பியிருக்கின்றன. கையெழுத்திடும் அதிகாரியும் வரிசையில் நிற்பவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்.

தேர்தல் கணக்கையும் பார்க்க வேண்டும். பிரிட்டனிடமிருந்து பெற்ற முறைப்படி ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு பெற்றவர் வெற்றி பெறுகிறார். பெரிய நாட்டில் ஒரு கட்சி நாடு முழுவதும் பின்தங்கினாலும் எங்காவது ஒரு மாநிலமோ நகரமோ அதற்குக் கோட்டையாக நிற்கும். கிரெனடாவில் மொழியாலோ இனத்தாலோ மதத்தாலோ வகுபட்ட அப்படிப்பட்ட கோட்டைகள் பெரிதாக இல்லை. காற்று மாறினால் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலும் வடக்கே சாதிக்காய்த் தோட்டங்கள் உள்ள ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் மாறுகிறது. அதனால்தான் 2013இலும் 2018இலும் புதிய தேசியக் கட்சி சுமார் 59 விழுக்காடு வாக்குகளுக்கு 15 இடங்களையும் பெற்றது. சுமார் 40 விழுக்காடு பெற்ற தேசிய ஜனநாயக காங்கிரஸுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வாக்களித்த பத்துப் பேரில் நால்வருக்குக் கீழவையில் குரல் இல்லை என்பதே இதன் பொருள். வாக்குப்பெட்டியைத் திருடியோ வாக்காளரை மிரட்டியோ இந்த முடிவு பெறப்படவில்லை. தேர்தல் நேர்மையாகவே நடந்தது. முறைதான் அந்த முடிவைப் பெருக்கிக் காட்டியது.

அதே முறை எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 1999இல் 15 இடங்களையும் வென்ற புதிய தேசியக் கட்சி 2003 நவம்பரில் 8-க்கு 7 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. கேரியக்கூ, பெட்டீட் மார்ட்டினிக் தொகுதியில் வித்தியாசம் வெறும் ஆறு வாக்குகள். அந்த ஆறு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் ஆட்சி மாறியிருக்கும். 2008இல் தேசிய ஜனநாயக காங்கிரஸ் 11-க்கு 4 என்று வென்றது; அடுத்த ஐந்தாண்டுக்குள் அக்கட்சி தனக்குள்ளேயே உடைந்தது. 2012 மே மாதம் பிரதமர் டில்மன் தாமஸ் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அதில் அவர் தப்பினாலும் செப்டம்பரில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரே முடித்துவைக்கப்பட்டது. அமைச்சர்களாக இருந்தவர்கள் உட்படப் பலர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 2013இல் மக்கள் அளித்த 15-க்கு 0 என்ற தீர்ப்பில், புதிய தேசியக் கட்சித் தலைவர் கீத் மிட்செல் மீதிருந்த நம்பிக்கைக்கு இணையாக அந்த உட்பூசலின் மீதான கோபமும் கலந்திருந்தது என்பது என் கருத்து.

இனி, ஒரு கட்சி முழுமையாக வென்றபின் நாடாளுமன்றத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். கேள்வியின் கனமான பகுதி இதுதான். கீழவையில் உள்ள 15 பேரில் பெரும்பாலோர் அமைச்சர்களாகவோ இணை அமைச்சர்களாகவோ நாடாளுமன்றச் செயலர்களாகவோ ஆகிவிடுகிறார்கள். எனவே, அரசைக் கேள்வி கேட்க வேண்டிய அவையே அரசாக இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் எனப்படும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபில் ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்கள் செய்ய வேண்டிய கண்காணிப்பு வேலைக்கு இங்கே ஆளே மிஞ்சுவதில்லை. 9-க்கு 6 என்று வென்ற அரசுக்கும் இதே நிலைதான். மேலவையில் 13 உறுப்பினர்கள், எல்லோரும் நியமனம் பெறுபவர்கள். அவர்களில் மூவர் எதிர்க்கட்சித் தலைவரின் பரிந்துரைப்படி நியமிக்கப்பட வேண்டும். எதிர்க்கட்சித் தலைவரே இல்லாதபோது அந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் குழுவுக்கு எதிர்வரிசையிலிருந்து தலைமை தாங்கும் மரபும் அப்போது பொருளற்றுப் போகிறது.

இந்த வெற்றிடத்தை மனிதர்களே ஒருவகையில் நிரப்பியிருக்கிறார்கள். 1999 வெற்றிக்குப் பின் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் விலகி எதிர்வரிசைக்குச் சென்றார். 2018 வெற்றிக்குப் பின்னும் சில மாதங்களுக்குள் அதேபோல் டோபியாஸ் கிளெமென்ட் என்ற உறுப்பினர் கட்சியை விட்டு விலகி எதிர்க்கட்சித் தலைவரானார். அதாவது, ஆளுங்கட்சியின் பெயரில் வாக்குக் கேட்டு வென்றவரே, ஆளுங்கட்சிக்கு வாக்களிக்காத நாற்பது விழுக்காட்டினரின் அதிகாரபூர்வமான குரலாக அமர்ந்தார். அவருடைய தனிப்பட்ட நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஆயினும், நாற்பது விழுக்காட்டு மக்களின் பிரதிநிதித்துவம் ஒரு தனிமனிதரின் மனமாற்றத்தைச் சார்ந்திருப்பது ஒரு நாட்டுக்கு நல்லதன்று. அந்த ஆண்டுகளில் உண்மையான விவாதம் வானொலியின் தொலைபேசி நிகழ்ச்சிகளிலும், திருச்சபைக் கூட்டங்களிலும், தொழிற்சங்கங்களிலும்தான் நடந்தது. 2018இன் இறுதியில் ஓய்வூதியம், பணிக்கொடை தொடர்பாக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசை நேருக்கு நேர் எதிர்த்து நின்ற ஒரே அமைப்பு ரீதியான சக்தி தொழிற்சங்கமாகவே இருந்தது. ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2018இல் வென்ற 15 பேரில் 7 பேர் பெண்கள். உலகில் மிகச் சில நாடாளுமன்றங்களே அந்த விகிதத்தை எட்டியிருக்கின்றன.

கிரெனடாவில் தொழிற்சங்கம் எவ்வளவு ஆழமான வேர் உடையது என்பதை அறிய 1951க்குப் போக வேண்டும். அதற்கு முன்பே டி. ஏ. மேரிஷோ என்ற பத்திரிகையாளர் பிரதிநிதித்துவ ஆட்சி கேட்டுப் பல்லாண்டுகள் போராடினார். கரீபியத் தீவுகள் ஒன்றாக இணைய வேண்டும் என்பது அவர் வாழ்நாள் கனவு. ஆனால், அன்றைய வாக்குரிமை சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அரசியலில் இடமே இல்லை. அரூபாவின் எண்ணெய் ஆலையில் வேலை செய்துவிட்டு 1949இல் திரும்பிய எரிக் கெய்ரி, 1950இல் அவர்களுக்கான சங்கத்தைத் தொடங்கி, 1951 பிப்ரவரியில் தீவு முழுவதும் பொது வேலைநிறுத்தத்தை நடத்தினார். இரவில் எரிந்த கட்டடங்களின் ஒளியால் வானமே சிவந்ததால் ‘வானம் சிவந்த நாட்கள்’ என்ற பொருளில் மக்கள் அதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அரசு அவரைக் கைது செய்து கேரியக்கூவுக்குக் கொண்டுபோயிற்று, வேலைநிறுத்தம் அடங்கவில்லை. பிறகு அவரையே விடுவித்து, வானொலியில் பேசவைத்து, அவர் சொல்லாலேயே அமைதியை மீட்டது. அந்த அக்டோபரில் வயது வந்தோர் அனைவரும் முதன்முதலாக வாக்களித்தபோது 8 இடங்களில் 6 கெய்ரியின் தொழிலாளர் கட்சிக்குச் சென்றன.

கெய்ரியைப் பிற்காலக் கொடுமைகளை வைத்து மட்டுமே எடைபோடுபவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். தோட்ட முதலாளியின் முன் தலைநிமிர்ந்து கூலி கேட்கக் கற்றுக்கொடுத்தவர் என்ற நன்றி பல ஏழைக் குடும்பங்களில் தலைமுறை கடந்தும் இருந்தது. அவர் கட்டிய அரசியலில் மக்கள் நேசித்தது ஒரு மனிதரை. அந்த நேசத்துக்கு வரம்பிடும் நிறுவனம் எதுவும் வளரவில்லை. 1962இல் அவர் அரசின் ஊதாரிச் செலவுகள் பற்றிய விசாரணைக்குப் பின் பிரிட்டன் அரசமைப்பையே நிறுத்திவைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில், டிரினிடாட்டுடன் இணைவோம் என்ற வாக்குறுதியோடு ஹெர்பர்ட் பிளேஸ் வென்றார், இணைப்பு நடக்கவேயில்லை. 1967இல் கெய்ரி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 1970களில் அவருக்கு விசுவாசமாக இயங்கிய ‘கீரிப்பிள்ளைக் கும்பல்’ எதிர்ப்பாளர்களை அடித்து நொறுக்கியது. 1973 நவம்பர் 18 அன்று கிரென்வில் நகரில், மோரிஸ் பிஷப் உள்ளிட்ட, கெய்ரியை எதிர்த்த புதிய ஜுவல் இயக்கத்தின் தலைவர்கள் ஆறு பேர் கொடூரமாகத் தாக்கப்பட்டார்கள். 1974 ஜனவரி 21 அன்று பிஷப்பின் தந்தை ரூப்பர்ட் பிஷப் தலைநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த பதினேழு நாட்களில், பிப்ரவரி 7 அன்று, வேலைநிறுத்தங்களுக்கு நடுவே நாடு விடுதலை பெற்றது. தன் விடுதலை நாளை மக்கள் இவ்வளவு அச்சத்தோடு எதிர்கொண்ட நாடுகள் அதிகமில்லை.

இப்படித் தந்தையை இழந்த மோரிஸ் பிஷப் 1976 தேர்தலில் கூட்டணி அமைத்துப் போட்டியிட்டார். கெய்ரிக்கு 9, கூட்டணிக்கு 6. எதிர்க்கட்சித் தலைவராக நாடாளுமன்றத்தில் அமர்ந்த பிஷப், அந்த அவையால் எதையும் மாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1979 மார்ச் 13 விடியற்காலையில், கெய்ரி நியூயார்க்கில் இருந்தபோது, பிஷப்பின் இயக்கத்தினர் ட்ரூ புளூ படைமுகாமைக் கைப்பற்றி வானொலி வழியாகப் புரட்சியை அறிவித்தார்கள். ஆங்கிலம் பேசும் கரீபியத்தில் தேர்தலின்றி ஆட்சி கவிழ்ந்தது அதுவே முதல் முறை. மக்கள் பெரும் மகிழ்ச்சியோடு அதை வரவேற்றார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்த நாலரை ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது இரண்டு உண்மைகளையும் ஒருசேரச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. வயது வந்தோருக்கு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு சட்டமானது. ஊர்தோறும் மன்றங்கள் கூடி வரவு செலவுத் திட்டத்தை விவாதித்தன. கியூபாவின் உதவியோடு பாயின்ட் சலீன்ஸில் பெரிய விமான நிலையம் கட்டப்பட்டது. மறுபுறம், அரசமைப்பு நிறுத்திவைக்கப்பட்டது, தேர்தல் நடக்கவேயில்லை, ‘டார்ச்லைட்’ செய்தித்தாள் மூடப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டார்கள். 1981இல் சுதந்திரமான பத்திரிகை ஒன்றைத் தொடங்க 26 பேர் முயன்றபோது அது தடைசெய்யப்பட்டு, அவர்களுள் சிலர் சிறை சென்றார்கள். அப்படிச் சிறையிருந்தவர்களுள் ஒருவர்தான், பின்னாளில் பிரதமரான டில்மன் தாமஸ். கவனிக்கத்தக்க இன்னொன்று: அந்தப் புரட்சி அரசு பிரிட்டிஷ் அரசியைத் தலைவராகக் கொண்ட முடியாட்சியை நீக்கவில்லை. அரசியின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் பால் ஸ்கூன், கெய்ரி காலத்திலிருந்து புரட்சிக் காலம் கடந்து அதற்குப் பின்னும் அதே மாளிகையில் இருந்தார்.

1983 அக்டோபரில் நிகழ்ந்தது அந்நாட்டின் ஆறாத புண். தலைமையைப் புரட்சி அரசின் பிரதமரான பிஷப்பும் துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்டும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற பூசல் முற்றி, 13ஆம் தேதி பிஷப் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 19ஆம் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு சென்று அவரை விடுவித்துக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார்கள். தந்தையின் பெயரால் அப்போது ரூப்பர்ட் கோட்டை என்று அழைக்கப்பட்ட அந்த இடத்திலேயே, படையினர் மீண்டும் நுழைந்து, பிஷப்பையும் கல்வி அமைச்சராக இருந்த ஜாக்குலின் கிரெஃப்ட் உள்ளிட்ட மற்றவர்களையும் சுவரோடு நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுவதும் இருபத்துநான்கு மணி நேர ஊரடங்கு. வெளியே வந்தால் சுடப்படுவீர்கள் என்று வானொலி அறிவித்தது. ஆறு நாட்களுக்குப் பின், 25ஆம் தேதி, அமெரிக்கப் படை இறங்கியது. அதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 108-க்கு 9 என்ற வாக்கில் கண்டித்தது; தன் அரசி தலைவராக உள்ள நாட்டில் இது நடந்ததைப் பிரிட்டனும் விரும்பவில்லை. ஆனால், ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த மக்களில் மிகப் பலர் வந்த படையை மீட்பாகவே கருதினார்கள். படையெடுப்பைச் சட்டப்படி தவறு என்று கருதும் நான், அந்த மக்களின் உணர்வைப் பொய் என்று சொல்லத் துணிய மாட்டேன்.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம், இரண்டாவது கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. 2016 நவம்பர் 24 அன்று ஏழு திருத்தங்கள் பொதுவாக்கெடுப்புக்கு வந்தன. தேர்தல் நாளை முன்கூட்டியே நிர்ணயிப்பது, பிரதமர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்பது, தேர்தலையும் தொகுதி எல்லைகளையும் கவனிக்கத் தனி ஆணையம் அமைப்பது, எப்படியானாலும் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் இருப்பதை உறுதி செய்வது ஆகியவை அவற்றில் அடங்கும். இன்று கேள்வி கேட்பவருக்கு இவை எல்லாம் நாட்டின் நோய்க்கேற்ற மருந்தாகவே தோன்றும். ஒன்றுகூட நிறைவேறவில்லை. திருத்தம் நிறைவேற, பதிவான செல்லத்தக்க வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வாக்களிக்க வந்தவர்களே பதிவு பெற்ற வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். பாலினச் சமத்துவம் பற்றிய திருத்தம் ஒருபால் திருமணத்துக்கு வழி திறக்கும் என்ற அச்சத்தில் திருச்சபைகள் பல கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு மற்ற ஆறையும் சேர்த்தே இழுத்துச் சென்றது. இதை நான் ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

2018 நவம்பர் 6 அன்று லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் பதிலாக, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இயங்கும் கரீபிய நீதிமன்றத்தை இறுதி மேல்முறையீட்டு மன்றமாக ஏற்பதா என்ற கேள்வி மட்டும் தனியாக வைக்கப்பட்டது. சுமார் 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அதே நாளில் ஆன்டிகுவா-பார்புடா மக்களும் இதே கேள்விக்கு வேண்டாம் என்றே விடையளித்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஆளுங்கட்சிக்கு 15 இடங்களையும் அளித்த அதே வாக்காளர்கள் இதைச் செய்தார்கள். அடிமை மனப்பான்மை என்று சிலர் இதைப் பழித்தார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. உள்ளூர்க் காவலரும் உள்ளூர் அமைச்சரும் உள்ளூர்ப் படையும் தம் வீட்டு வாசலில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்த மக்கள், தம்மை அறியாத ஒரு நீதிபதி எங்கோ தொலைவில் இருப்பதைப் பாதுகாப்பாகக் கருதினால் அதற்குக் காரணம் உண்டு. புரட்சி அரசு 1979இல் நாட்டைக் கிழக்குக் கரீபிய உச்ச நீதிமன்றத்திலிருந்து பிரித்தது. 1991 வரை அது திரும்பச் சேரவில்லை. பிஷப் கொலை வழக்கில் 14 பேருக்கு 1986இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை இடைக்காலத்துக்கென அமைந்த அந்தத் தனி நீதிமன்ற அமைப்பில்தான் விதிக்கப்பட்டது. 1991இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2007இல் தண்டனையை மறுபடி ஆராய ஆணையிட்டது லண்டன் பிரிவி கவுன்சில். அதன்பின் கடைசி எழுவர் 2009 செப்டம்பரில் விடுதலையானார்கள். கரீபிய நீதிமன்றம் தரத்தில் குறைந்ததன்று. அதன் நீதிபதிகளை அரசியல்வாதிகள் நேரடியாக நியமிப்பதும் இல்லை. இருந்தும் அந்த வேறுபாட்டை மக்களிடம் பொறுமையாக விளக்க ஆட்சியாளர்கள் தவறினார்கள்.

இதே நெருக்கத்துக்குப் பொருளாதார முகமும் உண்டு. உலகச் சாதிக்காய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் ஒரு காலத்தில் கிரெனடாவுக்கு இருந்தது. நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. 1947இல் தொடங்கிய சாதிக்காய் விவசாயிகள் கூட்டுறவு, அரசின் தயவை எதிர்பாராத வருமானத்தைப் பல ஆயிரம் சிறு குடும்பங்களுக்குத் தந்தது. 2004 செப்டம்பர் 7 அன்று வீசிய ஐவன் புயல் 39 பேரைக் கொன்று, வீடுகளில் பத்துக்கு ஒன்பதைச் சேதப்படுத்தி, சாதிக்காய் மரங்களில் பெரும்பகுதியை வேரோடு சாய்த்தது. புதிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பல விவசாயிகள் அந்தத் தொழிலுக்குத் திரும்பவேயில்லை. தன் மரத்தை நம்பி வாழ்ந்தவர் அரசின் ஒப்பந்த வேலையை நம்பி வாழ நேர்ந்தால், அமைச்சரை எதிர்த்துப் பேசும் அவருடைய துணிவும் குறையத்தான் செய்யும். இந்தத் தொடர்பை அரசியல் ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கேரியக்கூவில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டடங்களையும் சேதப்படுத்தியபோது அந்தச் சார்பு இன்னும் கூடியது. முதலீட்டுக்கு ஈடாகக் குடியுரிமை வழங்கும் திட்டத்தின் பணம் இப்போது அரசு வருவாயில் பெரும் பங்கு வகிக்கிறது. அந்தப் பணம் உள்ளூர் வரி செலுத்துபவரிடமிருந்து வராததால், அது எங்கே செலவாகிறது என்று கேட்கும் கண்கள் நாடாளுமன்றத்தில் இருப்பது இன்னும் முக்கியமாகிறது.

2022 ஜூன் 23 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். இடையில் ஒரு தவணை தவிர 1995 முதல் பிரதமராக இருந்த கீத் மிட்செல், எழுபத்தைந்து வயதில், இதுவே தன் கடைசித் தேர்தல் என்று சொல்லி, கெடுவுக்கு முன்பே தேர்தலை அறிவித்தார். எதிரே நின்றவர், எட்டு மாதங்களுக்கு முன்புதான் தேசிய ஜனநாயக காங்கிரஸின் தலைமையை ஏற்ற வழக்கறிஞர் டிக்கன் மிட்செல். பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்லர். முந்தைய தேர்தலில் ஓர் இடம்கூட வெல்லாத கட்சி 52 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளோடு 9 இடங்களை வென்றது, ஆளுங்கட்சிக்கு 6. மறுநாளே புதிய பிரதமர் பதவியேற்றார். ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லை, முடிவை ஏற்க மறுத்த எவரும் இல்லை. அரசு ஊழியர்களின் ஓய்வூதிய உரிமையை உறுதிப்படுத்தி அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த நீதிமன்றத் தீர்ப்பும், 2018இல் வீதிக்கு வந்த ஆசிரியர்களின் நினைவும் அந்த வெற்றியில் பங்கு வகித்தன. அந்த வகையில் முதல் கேள்விக்கு என் விடை: ஆம், அது மக்களாட்சிதான், ஆட்சியை அகற்றும் உரிமை அங்கே உண்மையாகவே மக்கள் கையில் இருக்கிறது. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில்தான் அது மெலிந்திருக்கிறது.

புரட்சியின் நினைவு பற்றிய மூன்றாவது கேள்விக்கு நாட்காட்டியே பாதி விடை தருகிறது. பிஷப் கொல்லப்பட்ட அக்டோபர் 19, நாற்பதாண்டுகள் நிறைந்த 2023இல் தேசிய வீரர்கள் நாளாகப் பொது விடுமுறையானது. அமெரிக்கப் படை இறங்கிய அக்டோபர் 25 நன்றி நவிலும் நாளாக முன்பிருந்தே விடுமுறை. ஒரே வாரத்துக்குள் கொல்லப்பட்டவருக்கு அஞ்சலியும், அவர் கட்டிய அரசின் எச்சத்தை முடித்துவைத்த படைக்கு நன்றியும் செலுத்தும் நாடு அது. 2009இல் விமான நிலையத்துக்கு மோரிஸ் பிஷப்பின் பெயர் சூட்டப்பட்டது. ஆனால் அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. 2006இல் வெளியான உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையாலும் அந்தக் குடும்பங்களுக்கு எலும்புகளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எனவே, இன்றைய கட்சி மேடைகளில் புரட்சி அதிகம் பேசப்படாவிட்டாலும், அரசமைப்பில் கைவைக்கப் போகிறோம் என்று எந்த அரசு சொன்னாலும் உடனே எழும் தயக்கத்தில் அது இருக்கிறது.

எதிர்க்கட்சித் தலைவர் பற்றிய திருத்தம் 2016இல் தோற்றபின் வேறு எந்த வடிவிலும் நிறைவேற்றப்படவில்லை. அதைத் தனித்து, வேறு எதோடும் பிணைக்காமல், மக்கள்முன் வைத்தால் வெல்லும் என்று நான் நம்புகிறேன். அதுவரை, ஒரு கட்சி மறுபடி 15 இடங்களையும் வென்றால், 1999இலும் 2013இலும் 2018இலும் தேர்தல் முடிந்ததும் இருந்தது போலவே, ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர் விலகி வரும்வரை அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.